பழைய செய்தித்தாளில் சுவர்த் தட்டுகள்: கடலோர வீடுகளுக்கான முழு வழிகாட்டி

காகிதக்கூழ் வேலைக்கு வீடியோவும் செய்முறையும் நிறையக் கிடைக்கின்றன. அவற்றில் பாதி, ஒரே நாளில் முடித்துவிடலாம் என்கின்றன. கடலூரிலோ புதுச்சேரியிலோ அது நடக்காது. நம் காற்றில் ஈரம் அதிகம். அப்பளம் நமத்துப் போகிற ஊரில் காகிதம் மட்டும் எப்படிக் காயும்? புதிதாகச் செய்கிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்ததில் எனக்குப் புரிந்தது இதுதான்: தட்டு படம் வரைவதில் கெடுவதில்லை, ஒரு வேலை காய்வதற்குள் அடுத்த வேலையில் கை வைப்பதால்தான் கெடுகிறது. அதனால் இந்த வழிகாட்டியில் காய வைப்பதைப் பற்றிச் சலிக்கிற அளவுக்குப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செய்யப்போவது மூன்று தட்டுகள். ஒன்று 30 செ.மீ. அகலம், மற்ற இரண்டும் 20 செ.மீ. முகப்பில் மீனோ கொடியோ மேடாக எழும்பி நிற்கும், வண்ணம் பூசிச் சுவரில் மாட்டலாம். ஒரு நாளைக்கு அரை மணி நேர வேலைதான். ஆனால் வெயில் காலத்தில் பத்து நாளாவது ஒதுக்குங்கள், ஐப்பசி கார்த்திகை என்றால் அதைப்போல் இரண்டு மடங்கு.

1. தொடங்கும் முன் சேர்க்க வேண்டியவை

காகிதம்: நாளிதழ்கள் இரண்டு முழுப் பிரதிகள், முடிந்தால் ஒன்று தமிழ், ஒன்று ஆங்கிலம். ஏன் என்று நான்காவது படியில் சொல்கிறேன். பளபளப்பான இணைப்பிதழ்களை ஒதுக்கிவிடுங்கள், அந்தத் தாள் பசையை உறிஞ்சாது, காய்ந்த பிறகு அடுக்கடுக்காக உரிந்து வரும்.

பசைக்கு ஒரு தம்ளர் மைதா, அரைக் கிலோ ஃபெவிகால். மேல்பூச்சுக்குச் சாக் பவுடர் ஒரு கிலோ. இது பெயிண்ட் கடையில் மலிவாகக் கிடைக்கும். திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோடு பக்கம் இருப்பவர்களுக்கும் புதுச்சேரி நேரு வீதிப் பக்கம் இருப்பவர்களுக்கும் அலைச்சலே இருக்காது. 180, 320 எண் உப்புத்தாள் இரண்டிரண்டு. வாஸ்லைன், பழைய வேட்டித் துண்டு, ஓர் அங்குலப் பிரஷ் ஒன்று, மெல்லிய பிரஷ் இரண்டு, நீரில் கரையும் வார்னிஷ் சிறிய டப்பா ஒன்று.

கொக்கிக்கு வயரிங் வேலையில் மிஞ்சிய செம்புக் கம்பி போதும். இரும்புக் கம்பி, ஸ்டேப்ளர் பின், குண்டூசி எதுவும் தட்டுக்குள் போகக் கூடாது. உப்புக் காற்றில் ஒரே மழைக்காலத்தில் துரு பிடித்து, பழுப்புக் கறை முன்பக்கம் வரை ஊறி வந்துவிடும்.

மயில்துத்தம் வேண்டுமா என்று கேட்பார்கள். பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் அதைச் சேர்ப்பது பழைய வழக்கம். ஆனால் அது விஷம். பிள்ளைகள் கை வைக்கிற இடத்திலும் சமையல் பாத்திரத்திலும் வேண்டாம். வீட்டு வேலைக்கு ஃபெவிகாலும் நன்றாகக் காய வைப்பதுமே போதும், மணத்துக்கு வேண்டுமானால் கிராம்புத் தைலம் நாலு சொட்டு.

2. அச்சாக எந்தத் தட்டு?

ஓரம் சரிவாக விரிகிற சாப்பாட்டுத் தட்டு எதுவும் ஆகும், பீங்கானோ பிளாஸ்டிக்கோ. ஓரம் செங்குத்தாக நிற்கிற எவர்சில்வர் தட்டை எடுக்காதீர்கள். காய்ந்த காகிதம் அந்தச் சுவரில் மாட்டிக்கொண்டு வெளியே வர மறுக்கும், கத்தியால் நெம்பினால் ஓரம் கிழியும்.

காகிதத்தைத் தட்டின் உட்புறத்தில் ஒட்டுங்கள். தட்டைக் கவிழ்த்து முதுகின் மேல் ஒட்டுகிறவர்கள் உண்டு, பார்க்க அதுதான் சுலபமாகத் தெரியும். ஆனால் காகிதம் காயும்போது சுருங்கும். முதுகில் ஒட்டியிருந்தால் சுருங்கச் சுருங்க அச்சை இறுக்கிப் பிடிக்கும், உட்புறத்தில் இருந்தால் சுருங்கும்போது தானாகவே விட்டு வரும்.

வாஸ்லைனை விரலில் எடுத்து மெல்லிசாகத் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது காகிதத்துக்குள் இறங்கிவிடும், அப்புறம் அந்த இடத்தில் பெயிண்ட் பிடிக்காது.

3. பசை காய்ச்சுவது

மைதாவை ஒரு தம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொண்டு, கொதிக்கும் தண்ணீர் மூன்று தம்ளரில் ஊற்றிக் கிளறுங்கள். வெள்ளை நிறம் மாறிக் கண்ணாடிபோலத் தெரியத் தொடங்கியதும் இறக்கிவிடலாம். ஆறிய பிறகு கால் தம்ளர் ஃபெவிகால் கலக்க வேண்டும். சூட்டோடு கலந்தால் ஃபெவிகால் திரிந்து நூல் நூலாக நிற்கும்.

பசை ஆறிய நிலையில் தோசை மாவுப் பதத்தில் இருக்கட்டும். கெட்டியாக இருந்தால் பிடிப்பு அதிகம் என்று நினைக்கிறார்கள். கெட்டிப் பசை காகிதத்துக்குள் ஊறாமல் இடையில் தடிப்பாகத் தங்கும், பூஞ்சை முதலில் பிடிப்பது அங்கேதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பூஞ்சை வராமல் இருக்கப் பசையில் உப்புப் போடுங்கள் என்று பல செய்முறைகள் சொல்லும். வறண்ட ஊருக்கு அது சரி. நமக்கு வேண்டவே வேண்டாம். காற்றில் ஈரம் ஏறும்போதெல்லாம் உப்பு அதை இழுத்துக்கொள்ளும், மழைக்காலத்தில் உப்பு ஜாடி நீர்த்து நிற்பதை எல்லோரும் பார்த்திருப்போம். தட்டுக்குள் உப்பு இருந்தால் மேலே எத்தனை கோட் வார்னிஷ் அடித்தாலும் உள்ளே வேர்த்துக்கொண்டே இருக்கும்.

பசையை அன்றன்றைக்குக் காய்ச்சுங்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும், புளித்த வாடை வந்துவிட்டால் கொட்டிவிட வேண்டியதுதான்.

4. அடுக்குகள் போடுவது

தாளைக் கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள், கையால் கிழியுங்கள். வெட்டின ஓரம் கூர்மையாக நின்று, காய்ந்த பிறகு ஒவ்வொரு துண்டும் வரப்பு கட்டியதுபோலத் தெரியும். கிழித்த ஓரம் பஞ்சு பஞ்சாக இருப்பதால் அடுத்த துண்டோடு கலந்துவிடும். நாளிதழ் ஒரு பக்கமாக இழுத்தால் நேராகக் கிழியும், மறுபக்கமாக இழுத்தால் கோணல்மாணலாகப் போகும். இரண்டையும் ஒருமுறை இழுத்துப் பார்த்து நேராகக் கிழிகிற பக்கம் பிடித்துக்கொண்டால் வேலை சட்டென்று முடியும். இரண்டு விரல் அகலம், ஒரு விரல் நீளம் போதும். தட்டின் ஓரம் வளைகிற இடத்துக்கு இன்னும் சிறிய துண்டுகள்.

முதல் அடுக்குக்குப் பசை கிடையாது. துண்டுகளை வெறும் தண்ணீரில் நனைத்து வாஸ்லைன் மேல் பரப்புங்கள். இதுதான் தட்டு அச்சை விட்டு வருவதற்கான உத்தரவாதம், அவசரத்தில் பலரும் விட்டுவிடுகிற படியும் இதுதான்.

இரண்டாவது அடுக்கிலிருந்து பசை. ஒரு அடுக்கு தமிழ்த் தாள், அடுத்தது ஆங்கிலத் தாள் என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒரே தாளாக இருந்தால் எங்கே ஒட்டினோம், எங்கே விட்டோம் என்று ஈரத்தில் கண்ணுக்குத் தெரியாது, ஒரு இடத்தில் ஐந்து அடுக்கும் இன்னொரு இடத்தில் இரண்டுமாகிவிடும். எழுத்து மாறினால் விட்டுப்போன இடம் உடனே தெரியும். திசையையும் மாற்றுங்கள்: ஒன்று குறுக்கே, அடுத்தது நெடுக்கே. ஒரே திசையில் போனால் காகிதம் அந்தப் பக்கமாகவே சுருங்கித் தட்டு ஓடம்போல வளையும்.

ஒவ்வொரு துண்டையும் நடுவிலிருந்து வெளியே தேய்த்துக் காற்றையும் மிச்சப் பசையையும் தள்ளிவிடுங்கள். விரலுக்கடியில் வழுக்கினால் பசை அதிகம். ஓரத்தில் துண்டுகள் ஒரு விரல் அளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும், பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

30 செ.மீ. தட்டுக்கு எட்டு அடுக்கு, 20 செ.மீ. தட்டுக்கு ஆறு. எவ்வளவு உற்சாகம் வந்தாலும் ஒரே மூச்சில் நான்கு அடுக்குக்கு மேல் போடாதீர்கள். நான்கு போட்டு, முழுதும் காய வைத்து, அப்புறம் மீதி. எட்டையும் ஒன்றாகப் போட்டால் மேலும் கீழும் காய்ந்து நடுவில் ஈரம் மாட்டிக்கொள்ளும். வெளியே தெரியாது. மூன்று மாதம் கழித்து வண்ணத்தின் மேல் கறுப்புப் புள்ளிகளாக வரும்போதுதான் தெரியும்.

5. காய வைப்பது

நிழலில், காற்றோட்டத்தில், ஃபேனுக்கு அடியில். மொட்டை மாடி உச்சி வெயிலில் வைத்தால் சீக்கிரம் காயும் என்று தோன்றும். வெயில் படுகிற மேற்பரப்பு மட்டும் முதலில் சுருங்கி ஓரம் மேலே எழும்பும், உள்ளே அப்படியே ஈரம். முடி உலர்த்துகிற கருவியும் இதே வேலையைத்தான் செய்யும்.

காலை நேரத்தை நம்புங்கள். மதியத்துக்கு மேல் கடல் காற்று வீசத் தொடங்கினால் குளிர்ச்சியாக இருக்குமே தவிர, அது ஈரக் காற்று. பால்கனியில் வைத்திருந்தால் அதற்குள் உள்ளே எடுத்துவிட வேண்டும். இரவு முழுக்க வெளியே விட்டால் பகலில் காய்ந்ததில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்.

மேல்பக்கம் தொட்டால் ஒட்டாத நிலை வந்ததும் அச்சிலிருந்து மெதுவாக ஓரத்தைத் தளர்த்திப் பாருங்கள். விட்டு வந்தால் எடுத்து, கவிழ்த்த கூடையின் மேல் வையுங்கள். அடியிலிருந்தும் காற்று போகும். விட்டு வரவில்லை என்றால் இழுக்காதீர்கள், இன்னும் அரை நாள். இரண்டாவது சுற்றுக்கு மறுபடியும் அச்சுக்குள் வைத்துத்தான் ஒட்ட வேண்டும், அப்போதுதான் வடிவம் மாறாது.

காய்ந்ததா என்று எப்படித் தெரியும்? விரல் ஏமாற்றும், கன்னம் ஏமாற்றாது. தட்டின் அடிப்பகுதியைக் கன்னத்தில் வையுங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் நீர் ஆவியாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அறையின் வெப்பத்திலேயே இருந்தால் காய்ந்துவிட்டது. நகத்தால் தட்டினாலும் தெரியும்: ஈரம் இருந்தால் மந்தமாகக் கேட்கும், காய்ந்தால் டக்கென்று கேட்கும். பங்குனி சித்திரையில் நான்கு அடுக்கு ஒரு நாளில் இந்த நிலைக்கு வரலாம். வடகிழக்குப் பருவமழை பெய்கிற அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தாலும் மூன்று நாள் கேட்கும். அந்த மாதங்களில் புதிதாகத் தொடங்காமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. வண்ணம் தீட்டுகிற வேலையை வேண்டுமானால் அப்போதைக்கு வைத்துக்கொள்ளலாம்.

தட்டு கோணிவிட்டதா? இரண்டு பக்கமும் ஈரத் துணியால் லேசாக ஒற்றி, அச்சுக்குள் வைத்து, மேலே ஒரு துணி போட்டு, அரிசி கட்டிய பையை ஏற்றி வையுங்கள். சரியாகிவிடும். ஆனால் இந்த வைத்தியம் இந்தக் கட்டத்தில் மட்டும்தான், மேடு எழுப்பிய பிறகு முடியாது.

6. ஓரமும் கொக்கியும்

அச்சிலிருந்து முழுதாக எடுத்த பிறகு ஓரத்தைக் கத்தரியுங்கள். வெட்டிய இடத்தில் அடுக்குகள் வாய் திறந்து தெரியும். அதைச் சின்னத் துண்டுகளால், முன்னும் பின்னும் மடித்து ஒட்டி மூடுங்கள். மூடாத ஓரம்தான் ஈரம் நுழைகிற வாசல், இராமபாணப் பூச்சி நுழைகிற வாசலும் அதுதான்.

கொக்கியை இப்போதே வைத்துவிட வேண்டும். வண்ணமெல்லாம் முடித்த பிறகு பின்னால் டேப் ஒட்டிக் கயிறு கட்டுகிறவர்களின் தட்டு ஒரு நாள் கீழே விழும். செம்புக் கம்பியின் உறையை உரித்து, இரண்டாக முறுக்கி, நடுவில் சுண்டுவிரல் நுழைகிற வளையமும் இரண்டு பக்கமும் நீண்ட கால்களும் வருமாறு வளையுங்கள். கால்களின் மேல் ஃபெவிகாலில் தோய்த்த வேட்டித் துணிப் பட்டைகள், அதன் மேல் இரண்டு அடுக்கு காகிதம். துணி எதற்கு என்றால், எடை முழுதும் அந்த ஒரே இடத்தில் தொங்குகிறது, காகிதம் மட்டும் இருந்தால் நாளாக ஆகப் பிய்ந்து வரும்.

வளையம் தட்டின் மேல் மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும், ஆனால் மேல் விளிம்பைத் தாண்டி எட்டிப் பார்க்கக் கூடாது. நடுவில் வைத்தால் தட்டு சுவரில் தலைகுப்புறச் சுழலும்.

7. கூழ் அரைத்து மேடு எழுப்புவது

மீதிச் செய்தித்தாளைச் சின்னச் சின்னதாகக் கிழித்து இரவு முழுக்க ஊற வைத்து, மறுநாள் இருபது நிமிடம் வேக வையுங்கள். வேகாத காகிதம் எவ்வளவு அரைத்தாலும் நார் நாராகத்தான் இருக்கும். சமையலுக்குத் திரும்பப் போகாத பழைய மிக்ஸி ஜாரில், கொஞ்சம் காகிதம், நிறையத் தண்ணீர் என்று விட்டு விட்டு அரையுங்கள். தண்ணீர் குறைந்தால் மோட்டார் சூடேறிப் புகையும். வீட்டில் யாரிடம் திட்டு வாங்குவது என்பது உங்கள் பாடு.

அரைத்ததை வேட்டித் துணியில் ஊற்றிப் பிழியுங்கள். வடிகட்டாமல் சிங்க்கில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும். பிழிந்த கூழ் ஒரு கப்புக்கு ஃபெவிகால் கால் கப், சாக் பவுடர் அரைக் கப். சப்பாத்தி மாவு பிசைவதைவிடக் கொஞ்சம் நெகிழ்வாகப் பிசையுங்கள். சாக் பவுடர் எதற்கு? வெறும் கூழ் காயும்போது மிகவும் சுருங்கி வெடிக்கும், பவுடர் அந்தச் சுருக்கத்தைக் குறைக்கும், உப்புத்தாள் போடும்போது வழவழப்பும் வரும்.

வடிவத்தைப் பென்சிலால் தட்டில் முதலில் வரைந்துகொள்ளுங்கள். நடுப்புள்ளி தெரியாவிட்டால், தட்டு அளவில் வட்டத் தாள் வெட்டி இரண்டு முறை மடித்தால் கிடைத்துவிடும். புள்ளிக் கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. முதல் தட்டுக்கு ஒரே ஒரு பெரிய வடிவம் போதும்: ஒரு வஞ்சிர மீன், அல்லது ஒரு கட்டுமரம், இல்லையென்றால் காகிதப்பூக் கொடி. சின்னச் சின்ன வடிவங்களாக நிரப்பினால் கூழில் அவை தெளிவாக நிற்காது.

கூழ் வைக்கப்போகிற இடத்தை 180 உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, ஃபெவிகால் தடவி, அதன் மேல் கூழை அழுத்துங்கள். வழவழப்பான பரப்பில் வெறுமனே வைத்தால் காய்ந்ததும் மீன் மொத்தமாக ஒரே பில்லையாகக் கழன்று கையில் வரும். உயரம் ஒரு செ.மீ.க்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் வேண்டுமென்றால், காய்ந்த பிறகு இன்னொரு அடுக்கு. செதில், கோடு போன்ற வேலைகளைக் கூழ் பாதி இறுகியிருக்கும்போது ஈரக் கரண்டிக் காம்பால் கீறுங்கள்.

இது காய மூன்று நான்கு நாளாகும். மெல்லிய விரிசல்கள் வரும், பயப்படாதீர்கள். கூழில் இன்னும் கொஞ்சம் ஃபெவிகாலும் தண்ணீரும் சேர்த்துத் தளர்த்தி விரலால் அடைத்துவிடலாம்.

8. வெள்ளைப் பூச்சு, உப்புத்தாள்

சாக் பவுடர் மூன்று பங்கு, ஃபெவிகால் ஒரு பங்கு, பிரஷ்ஷில் ஓடுகிற அளவுக்குத் தண்ணீர். மெல்லிசாக மூன்று கோட், ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது, பின்பக்கத்துக்கும் ஒன்று. செய்தித்தாளின் மை மேலே ஊறி வராமல் தடுப்பது இந்தப் பூச்சுதான். சுவருக்கு அடிக்கிற சிமென்ட் புட்டியை இதற்குப் பதிலாகப் போடாதீர்கள். காகிதம் கொஞ்சம் வளையும், புட்டி வளையாது, அதனால் செதில் செதிலாக உதிரும்.

180 உப்புத்தாளால் மேடுபள்ளத்தை எடுத்து, 320-ஆல் வழவழப்பாக்குங்கள். மூக்கை மூடிக்கொண்டு வெளியே உட்கார்ந்து தேயுங்கள், தூசி பலமாக வரும். முடிந்ததும் காய்ந்த துணியால் துடையுங்கள். ஈரத் துணி பூச்சைக் கரைத்துவிடும்.

9. வண்ணம்

அக்ரிலிக் நல்லது. வீட்டுக்கு அடித்து மிஞ்சிய வெள்ளை எமல்ஷனில் ஸ்டெய்னர் (பெயிண்டுக்கு நிறம் கொடுக்கிற சாயம்) சில சொட்டு கலந்தாலும் போதும், அதிகம் விட்டால் காயாமல் கையில் ஒட்டும். போஸ்டர் கலர் வேண்டாம், வார்னிஷ் பிரஷ் பட்டவுடன் கரைந்து இழுபடும்.

பின்னணி முதலில், மேடான வடிவம் அடுத்து, கோடுகள் கடைசியில். மாற்றிச் செய்தால் மீனின் ஓரத்தைச் சுற்றிப் பின்னணி பூச நடுங்கும் கையோடு போராட வேண்டியிருக்கும்.

நிறத் தேர்வில் ஒரே ஒரு சொல். கடல் என்றதும் டப்பாவில் இருக்கிற நீலத்தை அப்படியே எடுக்காதீர்கள். தேவனாம்பட்டினத்தில் நின்று பார்த்தால் பாதி நாள் கடல் சாம்பல் கலந்த பச்சை, மழைக்குப் பிறகு கரையோரம் செம்மண் பழுப்பு. அந்தச் சாம்பல் பச்சையின் மேல் வெள்ளி நிற மீன் எவ்வளவு நன்றாக எடுக்கும் என்று பூசிப் பார்த்தால்தான் தெரியும். புதுச்சேரிக்காரர்களுக்கு ஒயிட் டவுன் சுவர்களின் காவி மஞ்சளும் வெள்ளை விளிம்பும் காகிதப்பூவின் ரோஸும் கண்ணெதிரே தயாராக இருக்கின்றன.

10. வார்னிஷ்

வண்ணம் பூசி ஒரு முழு நாள் கழித்து. நீரில் கரையும் வகை, மெல்லிசாக இரண்டு கோட், முன்னும் பின்னும் ஓரத்திலும். எண்ணெய் வகை வார்னிஷ் நாளடைவில் மஞ்சளாகும், வெள்ளையும் நீலமும் பூசிய தட்டில் அது அசிங்கமாகத் தெரியும். பின்பக்கம் யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிடாதீர்கள். ஈரமான சுவரோடு ஒட்டி நிற்பது பின்பக்கம்தான்.

மழை பெய்கிற நாளில் வார்னிஷ் அடிக்க வேண்டாம். காயத் தாமதமாகும், சில சமயம் பால் படிந்ததுபோல வெளுத்துவிடும்.

11. சுவரில் மாட்டுவது

முதலில் சுவரைத் தொட்டுப் பாருங்கள். ஓதம் ஏறிய சுவர், குளியலறையை ஒட்டிய சுவர், மழைச் சாரல் நேரே அடிக்கிற ஜன்னலுக்கு எதிர்ச் சுவர், இந்த மூன்றும் வேண்டாம். உங்கள் பத்து நாள் வேலையும் ஒரே ஐப்பசியில் ஊறிவிடும்.

தட்டுகளின் அளவுக்குச் செய்தித்தாளில் மூன்று வட்டம் வெட்டி டேப்பால் சுவரில் ஒட்டி, தள்ளி நின்று பார்த்து இடம் மாற்றிக்கொள்ளுங்கள். ஆணி அடித்த பிறகு யோசித்தால் சுவரெல்லாம் ஓட்டைதான். மூன்று தட்டும் சேர்ந்த கூட்டத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 150 செ.மீ. உயரத்தில் இருந்தால் நிற்கிறவர் கண்ணுக்குச் சரியாக வரும். தட்டுகளுக்கு நடுவே நான்கு விரல் இடைவெளி போதும், அதிகம் விட்டால் மூன்றும் தனித்தனியாகத் தெரியும்.

பழைய சுண்ணாம்புக் காரைச் சுவரில் நேராக ஆணி அடித்தால் காரை பொலபொலவென்று உதிர்ந்து ஆணி ஆடும். துளை போட்டு, பிளாஸ்டிக் பிளக் வைத்து, பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகு ஸ்க்ரூ போடுங்கள். வாடகை வீடு, துளை போடக் கூடாது என்றால் ஒட்டுகிற கொக்கியை வாங்குவார்கள். எமல்ஷன் அடித்த வழவழப்பான சுவரில் சின்னத் தட்டை அது தாங்கும். சுண்ணாம்போ டிஸ்டெம்பரோ அடித்த சுவரில் பூச்சோடு சேர்ந்து கழன்று விழும்.

தட்டின் பின்னால் கீழ்ப்பக்கம் இரண்டு இடத்தில் தக்கை வெட்டி ஒட்டிவிடுங்கள். சுவருக்கும் தட்டுக்கும் நடுவே காற்று போக வழி இருக்கும், தட்டும் நேராக நிற்கும்.

மழைக்காலம் முடிந்து தை பிறந்ததும் ஒருமுறை கழற்றிப் பின்பக்கத்தைப் பாருங்கள். சாம்பல் பூத்திருந்தால் காய்ந்த துணியால் துடைத்து, இரண்டு நாள் ஃபேனுக்கு அடியில் வைத்து, அந்த இடத்தில் மட்டும் வார்னிஷ் ஒரு கோட். எங்காவது ஓரம் மெத்தென்று அமுங்கினால் உள்ளே ஈரம் போயிருக்கிறது. அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, நன்றாகக் காய வைத்து, ஆறாவது படியில் சொன்னபடி காகிதம் ஒட்டி ஓரத்தை மறுபடியும் மூடுங்கள்.